தென்னையின் உரத் தேவையை ஓலையால் அறிதல்

நெல்லுக்கு இட்ட உரத்தின் பலனை மூன்று நான்கு மாதங்களில் களத்திலே கண்டுவிடலாம். தென்னைக்கு இட்ட உரத்தின் பலன் அவ்வளவு விரைவில் காணக்கூடியதன்று. தென்னங் குருத்தின் உட்புறத்தே பூங்கொத்து கண்ணுக்குத் தெரியாத அரும்பாகத் தோன்றிய நாள் முதல், அது பாளையாகி வெடிப்பதற்கு ஏறக்குறைய 32 மாதங்கள் செல்லும். பாளை வெடித்த பின் காய் முற்றுவதற்கு மேலும் ஒரு வருஷம் ஆகும். ஆகவே, இன்று பறிக்கும் காய் ஏறக்குறைய 44 மாதங்களுக்கு முன்னே தொடங்கிய வேலையின் முடிவாகும். குரும்பை உதிர்வதும், காயின் பருமனும் இடைக்காலத்து நிலைமைகளாலும் மாறும் என்பது உண்மையே. எனினும், காய்ப்புக் குறைந்ததைக் கண்டபின் உரத்தைப் பற்றி யோசிப்பவர், மூன்று வருஷத்துக்கு முந்திய பசிக்கு இன்று சோறு தேடுபவரே ஆவார். மரம் இன்று எந்நிலையில் உள்ளது என்பதைக் காய் அவருக்குச் சொல்லாது.

அதை ஓலை சொல்லும். ஓலையை முறையாக எடுத்து இரசாயன பரிசோதனை செய்வித்தால், மரத்தினுள் எந்தச் சத்து குறைந்துள்ளது, எது போதுமானது, எது மிகுந்துள்ளது என்பது, காய்ப்பில் நஷ்டம் தோன்றுவதற்கு முன்னரே தெரியவரும். அம்முறையையும், அதைக் கையாள்வதில் கவனிக்கவேண்டிய விஷயங்களையும் தோப்புடையவர்களுக்கும் கிராம அதிகாரிகளுக்கும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்விஷயம் இப்பொழுது பேசத் தக்கது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. 2018-ஆம் வருஷம் நவம்பர் 16-ஆம் தேதி நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரை கடந்த கஜா புயலில் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், புதுக்கோட்டை ஆகிய மாவட்டங்களில் இலட்சக்கணக்கான தென்னைகள் வீழ்ந்தன. வீழ்ந்த இடங்களில் மறுபடியும் கன்று வைத்தவர்கள், பல வருஷங்கள் வருமானமின்றிக் காத்திருந்து அவற்றை வளர்த்தவர்கள். அம்மரங்கள் பலனுக்கு வரும் பருவத்தில் சத்துக் குறையால் பின்தங்குமாயின், அவர்கள் மறுபடியும் காத்திருக்க நேரிடும். அவ்வாறு நேராமல் தடுக்கக்கூடிய எளிய உபாயங்களில் ஓலைப் பரிசோதனை ஒன்று.

பொதுச் சிபாரிசும் தனித் தோப்பும்

காய்க்கும் தென்னை ஒன்றுக்கு வருஷத்துக்கு 50 கிலோ தொழு உரமும், 1.3 கிலோ யூரியாவும், 2 கிலோ சூப்பர் பாஸ்பேட்டும், 2 கிலோ மியூரியேட் ஆப் பொட்டாஷும் இடவேண்டும் என்பது தமிழ்நாட்டில் வழங்கிவரும் பொதுச் சிபாரிசு. இதை இரண்டு பங்காக்கி, ஜூன்-ஜூலையிலும் டிசம்பர்-ஜனவரியிலும், மரத்தைச் சுற்றி 1.8 மீட்டர் ஆரமுள்ள பாத்தியில் இட்டு மண்ணுடன் கலந்து நீர் பாய்ச்சுவது முறை. ஏக்கருக்கு 70 மரம் என்று கொண்டால், வருஷத்துக்கு 91 கிலோ யூரியாவும், 140 கிலோ சூப்பர் பாஸ்பேட்டும், 140 கிலோ பொட்டாஷ் உரமும் வேண்டியிருக்கும். இது சிறிய செலவன்று. அதிலும் பொட்டாஷ் உரம் பெரும்பாலும் அயல்நாடுகளிலிருந்து கப்பலில் வருவது.

இச்சிபாரிசு தவறானதன்று. மரத்தைப் பற்றி வேறொன்றும் தெரியாத நிலையில் இதைப் பின்பற்றுவதே சரி. ஆனால், பட்டுக்கோட்டைப் பக்கத்து மணற்பாங்கான நிலமும், பொள்ளாச்சிப் பக்கத்துச் செம்மண் நிலமும், ஆற்றங்கரை வண்டல் நிலமும் ஒரே தன்மையுடையன அல்ல. ஒரு தோப்பில் தேங்காய் உரிமட்டைகளை மரத்தடியில் புதைத்து வருகிறார்கள். மற்றொன்றில் ஒன்றுவிடாமல் நார்த் தொழிற்சாலைக்கு விற்றுவிடுகிறார்கள். உரிமட்டையில் பொட்டாஷ் மிகுதி. ஆதலின், இவ்விரு தோப்புகளுக்கும் ஒரே அளவு பொட்டாஷ் தேவைப்படும் என்று கொள்வது பொருந்தாது. பொதுச் சிபாரிசைத் தனித் தோப்புக்கு ஏற்பக் கூட்டவும் குறைக்கவும் ஒரு சாட்சி வேண்டும். அந்தச் சாட்சியே ஓலை.

கண்ணால் காணும் குறிகள்

அநுபவமுள்ள குடியானவர் ஓலையின் நிறத்தைக் கண்டே ஓரளவு அறிந்துகொள்வார். தழைச்சத்தாகிய நைட்ரஜன் குறைந்தால் மரம் முழுவதும் வெளிறும். முதிர்ந்த மட்டைகளில் இது முன்னே தோன்றும். சாம்பல்சத்தாகிய பொட்டாஷ் குறைந்தால், முதிர்ந்த மட்டைகளின் சிற்றோலைகளில் துருப்போன்ற புள்ளிகள் கண்டு, நுனியும் ஓரமும் மஞ்சளாகிக் கருகும். மெக்னீஷியம் குறைந்தால், முதிர்ந்த மட்டைகளில் வெயில் படும் பாகம் மஞ்சளாகவும், மற்றோர் ஓலையின் நிழல் படியும் பாகம் பச்சையாகவும் நிற்கும். போரான் குறைந்தால், குருத்தோலைகள் ஒன்றோடொன்று ஒட்டி, விரியாமல் சுருங்கி நிற்கும்.

இக்குறிகளை அறிந்திருப்பது நன்றே. ஆயினும் இவற்றில் இரண்டு குறைகள் உண்டு. முதலாவது, குறி வெளியே தோன்றுமுன்னரே மரம் நெடுங்காலம் உள்ளே பசித்திருக்கும். அந்த மறைந்த பசியினால் காய் குறையும். ஓலையோ பச்சையாகவே தோன்றும். இரண்டாவது, மஞ்சள் நிறத்துக்குக் காரணம் ஒன்றன்று. நீர் தேங்கி வேர் மூச்சுத் திணறினாலும் மஞ்சளாகும்; வறட்சியாலும் ஆகும்; வேர்நோயாலும் ஆகும்; கந்தகக் குறையாலும் ஆகும். மஞ்சளைக் கண்டவுடன் யூரியா மூட்டையைப் பிரிப்பது, காய்ச்சல் என்றவுடன் கைக்குக் கிடைத்த மருந்தைக் குடிப்பது போன்றதே.

மண் பரிசோதனையும் ஓலைப் பரிசோதனையும்

மண் பரிசோதனை இருக்கையில் ஓலைப் பரிசோதனை எதற்கு என்று சிலர் கேட்கலாம். மண் பரிசோதனை களஞ்சியத்தில் உள்ளதைச் சொல்லும். ஓலைப் பரிசோதனை மரம் உண்டதைச் சொல்லும். களஞ்சியம் நிறைந்திருந்தும், ஈரம் இன்மையாலோ, வேர் சேதத்தாலோ, ஒரு சத்து மற்றொன்றை மறிப்பதாலோ மரம் உண்ணாமல் இருக்கலாம். மேலும், மண் மாதிரியை நாம் ஓரடி இரண்டடி ஆழத்தில் எடுக்கிறோம். தென்னையின் வேர்களோ அதனினும் ஆழ்ந்தும் பல அடி தூரம் பரவியும் உணவு தேடுகின்றன. வருஷப் பயிருக்கு மண் பரிசோதனை பெரும்பாலும் போதும். பல்லாண்டு நிற்கும் மரங்களுக்கு இரண்டும் வேண்டும். மண்ணின் களர் உவர்த் தன்மையையும் கார அமில நிலையையும் அறிய மண் பரிசோதனையே வழி. அவற்றை ஓலை நேராகச் சொல்லாது.

இம்முறை வந்த வழி

இலையைச் சோதித்துப் பயிரின் தேவையை அறியும் முறையைப் பிரான்சு தேசத்து மொந்பெலியே நகரில் லகாத்து, மோம் என்னும் இரு விஞ்ஞானிகள் 1920-களில் திராட்சைக் கொடியில் விரிவாக ஆராய்ந்தார்கள். பின்னர் இம்முறை பல தேசங்களிலும் பல மரப்பயிர்களுக்கும் பரவிற்று.

இன்று இதனை மிகவும் ஒழுங்காகக் கையாள்பவர்களில் கலிபோர்னியாவில் வாதுமை பயிரிடுவோரைக் குறிப்பிடலாம். அவர்கள் ஜூலை மாதத்தில், காய் பிடிக்காத குறுங்கிளைகளிலிருந்து இலை எடுக்கிறார்கள். அவ்விலையில் நைட்ரஜன் 2.2 முதல் 2.5 சதவீதம் வரையும், பொட்டாசியம் 1.4 சதவீதத்துக்கு மேலும் இருந்தால் போதுமென்று கொள்கிறார்கள். போரானை மட்டும் இலையில் பாராமல், அறுவடையின்போது காயின் மேல்தோட்டில் பார்க்கிறார்கள். வாதுமையில் அச்சத்தின் நிலையை இலையைவிட மேல்தோடே நன்கு காட்டும். ஜூலையில் அறிந்தால் அவ்வருஷத்து உரத்தைத் திருத்தக் காலம் போதாது என்பதனால், ஏப்ரலிலேயே இலை எடுத்து முன்கூட்டி அறியும் முறையையும் அங்குள்ள பல்கலைக்கழகத்தார் வகுத்திருக்கிறார்கள். அத்துடன், 1,000 பவுண்டு வாதுமைப் பருப்பு விளைந்தால் அவ்விளைச்சலுடன் 68 பவுண்டு நைட்ரஜன் தோப்பைவிட்டு வெளியேறும் என்ற கணக்கையும் இலையின் சாட்சியோடு சேர்த்தே உரத்தின் அளவைத் தீர்மானிக்கிறார்கள்.

இதிலிருந்து நாம் கொள்ளவேண்டிய பாடம் யாதெனில், ஒவ்வொரு பயிருக்கும் சாட்சி சொல்லும் உறுப்பும் பருவமும் வெவ்வேறு என்பதே. வாழைக்கு மேலிருந்து மூன்றாம் இலை. திராட்சைக்குப் பூக்கும் தருணத்து இலைக்காம்பு. தென்னைக்குப் பதினான்காம் மட்டை. வாதுமையின் எண்களைத் தென்னைக்கோ, தென்னையின் எண்களை வாழைக்கோ பொருத்துதல் கூடாது.

நமது தேசத்தில் தென்னை ஆராய்ச்சி புதிதன்று. சென்னை மாகாண அரசாங்கத்தார் 1916-ஆம் வருஷத்திலேயே காசரகோட்டில் தென்னை ஆராய்ச்சி நிலையம் ஏற்படுத்தினார்கள். அதுவே இன்று மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையமாக விளங்குகின்றது. தமிழ்நாட்டில் வேப்பங்குளத்திலும் ஆழியார் நகரிலும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தென்னை ஆராய்ச்சி நிலையங்கள் உள்ளன.

ஏன் பதினான்காம் மட்டை?

நன்கு வளர்ந்த தென்னையின் தலையில் 30-க்கு மேற்பட்ட மட்டைகள் இருக்கும். ஏறக்குறைய மாதத்துக்கு ஒன்றாக மேலே புதியது விரியும். கீழே பழையது உதிரும். இளமட்டைகளில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் பொட்டாசியமும் செறிந்திருக்கும். மட்டை முதிர முதிர, மரம் அச்சத்துக்களை அதிலிருந்து எடுத்துப் புதிய ஓலைக்கும் காய்க்கும் அனுப்பிவிடும். சுண்ணாம்புச் சத்தோ அவ்வாறு திரும்பாது. முதிர்ந்த மட்டையிலேயே சேர்ந்துகொண்டிருக்கும். ஆகவே மிக இளையதைச் சோதித்தால் பசித்த மரமும் நிறைந்ததாகத் தோன்றும். மிக முதிர்ந்ததைச் சோதித்தால் நிறைந்த மரமும் பசித்ததாகத் தோன்றும். விரிந்து ஏறக்குறைய ஒரு வருஷமான நடுத்தர மட்டையே நடுநிலையான சாட்சி. பல தேசங்களிலும் பதினான்காம் மட்டையையே எடுத்து வருகிறார்கள். ஒப்பிடுவதற்குரிய எண்களும் அம்மட்டைக்கே உள்ளன. ஓரிரு வயதுக் கன்றுகளுக்கு 4-ஆம் மட்டையும், அதற்கு மேற்பட்டு இன்னும் காய்ப்புக்கு வராதவற்றுக்கு 9-ஆம் மட்டையும் எடுப்பது வழக்கம்.

மட்டையை எண்ணும் விதம்

குருத்திலிருந்து பிரிந்து, சிற்றோலைகள் யாவும் தனித்தனியே விரிந்து நிற்கும் மட்டைகளுள் மிக இளையதே முதல் மட்டையாகும். இன்னும் ஈட்டிபோல் நிற்கும் குருத்தை எண்ணலாகாது. ஒரு மட்டைக்கும் அதற்கு அடுத்த மூத்த மட்டைக்கும் இடையே, வட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சிறிது மிகுந்த இடைவெளி இருக்கும். சில மரங்களில் இவ்வரிசை வலமாகச் சுற்றும். சிலவற்றில் இடமாகச் சுற்றும். ஆதலின் ஒவ்வொரு மரத்திலும் முதலில் சுற்றும் திசையை நிச்சயித்துக்கொள்ள வேண்டும்.

ஒவ்வொன்றாக எண்ணுவதைவிட ஐந்து ஐந்தாகத் தாண்டுவது எளிது. முதல் மட்டைக்கு ஏறக்குறைய நேர்கீழே 6-ஆம் மட்டையும், அதன் கீழே 11-ஆம் மட்டையும் இருக்கும். அவ்வாறே 4-ஆம் மட்டையின் கீழே 9-ஆவதும், அதன் கீழே 14-ஆவதும் இருக்கும். எண்ணிக்கை சரியா என்பதைக் குலையைக் கொண்டு ஒத்துப் பார்க்கலாம். வெடிக்கும் தருணத்தில் உள்ள பாளை 9 அல்லது 10-ஆம் மட்டையின் கக்கத்தில் இருக்கும். 14-ஆம் மட்டையின் கக்கத்தில் கைமுட்டியளவு காய்களையுடைய குலை இருக்கும். மரமேறும் தொழிலாளிக்கு இதை ஒருமுறை காட்டிக்கொடுத்தால் பின்பு அவரே பிழையின்றிக் கண்டுகொள்வார்.

மாதிரி எடுக்கும் விதம்

பரிசோதனைச் சாலையில் நேரும் பிழையைவிடத் தோப்பில் நேரும் பிழையே அதிகம். கீழ்க்கண்டவற்றைக் கண்டிப்பாய்க் கவனிக்க வேண்டும்.

1. தோப்பை முதலில் பகுதிகளாகப் பிரித்துக்கொள்க. ஒரே மண், ஒரே வயது, ஒரே ரகம், ஒரே பராமரிப்பு உள்ள இடமே ஒரு பகுதி. மேட்டு மணலையும் தாழ்ந்த களியையும் ஒரு மாதிரியில் சேர்க்கக் கூடாது. நெட்டை மரத்தையும் ஒட்டு மரத்தையும் கலக்கக் கூடாது.

2. ஒரு பகுதிக்கு 20 முதல் 25 மரங்களைப் பரவலாகத் தேர்ந்து, அடிமரத்தில் வர்ணத்தால் எண் இடுக. ஒவ்வொரு முறையும் அதே மரங்களிலேயே மாதிரி எடுத்தால்தான் வருஷத்துக்கு வருஷம் ஒப்பிட இயலும். வரப்போர மரங்கள், எருக்குழிக்கும் மாட்டுக் கொட்டிலுக்கும் அருகிலுள்ள மரங்கள், நோயுற்ற மரங்கள், பக்கத்து மரம் இறந்து தனித்து நிற்பவை ஆகியவற்றை விலக்குக.

3. வருஷந்தோறும் ஒரே மாதத்தில் எடுக்க வேண்டும். அதுவும் அடுத்த உரம் இடுவதற்கு முன்னே எடுக்க வேண்டும். டிசம்பர்-ஜனவரி உரத்துக்கு முன்னே எடுப்பது வசதியானது. கனமழை பெய்த மறுநாளும், மரம் வாடி நிற்கும் கடும் வறட்சியிலும் எடுக்கலாகாது. காலை 7 மணி முதல் 11 மணிக்குள் வேலையை முடித்துக்கொள்க.

4. மட்டையை வெட்ட வேண்டியதில்லை. பதினான்காம் மட்டையின் நடுப்பாகத்தில் இடப்புறம் மூன்று, வலப்புறம் மூன்று ஆகச் சிற்றோலைகளைக் கொய்தால் போதும். ஒவ்வொரு சிற்றோலையிலும் நடுவேயுள்ள 10 சென்டிமீட்டர் நீளத்தை மட்டும் வைத்துக்கொண்டு, நுனியையும் அடியையும் நீக்குக. ஈர்க்கையும் ஓரத்து நரம்பையும் கழித்துவிடுக. 25 மரங்களிலிருந்து இவ்வாறு 150 துண்டுகள் சேரும். அதுவே ஒரு மாதிரி.

5. துருப்பிடித்த அரிவாளைப் பயன்படுத்தலாகாது. துருவும் மண்ணும் இரும்புச் சத்தின் கணக்கைக் கெடுக்கும். எஃகுக் கத்தரியே நலம். ஓலையில் படிந்த தூசியைச் சுத்த நீரில் நனைத்த பஞ்சினால் மெல்லத் துடைக்க வேண்டும். நீரில் ஊறவிடக் கூடாது. 2016-ஆம் வருஷத்தில் பொள்ளாச்சிப் பகுதியில் முதன்முதலாகக் காணப்பட்டுப் பின்னர்ப் பரவிய சுருள் வெள்ளை ஈயினால் பல தோப்புகளில் ஓலைமேல் கரும்பூசணம் படிந்திருக்கிறது. அதையும் துடைத்தெடுக்க வேண்டும்; மிகுதியாகத் தாக்குண்ட மரங்களை விலக்கிவிடுதல் நன்று.

6. சுத்தம் செய்த துண்டுகளைக் காகிதப் பையில் இட்டு அன்றே அல்லது மறுநாளே பரிசோதனைச் சாலைக்குச் சேர்ப்பிக்க வேண்டும். பிளாஸ்டிக் பையில் கட்டினால் வெந்து அழுகும். பையின்மேல் உடையவர் பெயர், கிராமம், சர்வே எண், பகுதி, ரகம், வயது, மட்டையின் எண், தேதி ஆகியவற்றை எழுதுக. சென்ற வருஷம் இட்ட உரமும் மரத்துக்குச் சராசரி காய்ப்பும் தனித் தாளில் எழுதி உடன் அனுப்புக. அவை இல்லாத அறிக்கை பாதிச் சாட்சியே.

அறிக்கையைப் படிக்கும் விதம்

பதினான்காம் மட்டையில், உலர்ந்த ஓலையின் எடையில், நெட்டை ரகத்துக்குப் பொதுவாகக் கொள்ளப்படும் எல்லைகள் இவை: நைட்ரஜன் 1.8 முதல் 2.0 சதவீதம், பாஸ்பரஸ் 0.12 சதவீதம்; பொட்டாசியம் 0.8 முதல் 1.0 சதவீதம், மெக்னீஷியம் 0.20 முதல் 0.24 சதவீதம். மிகுந்து காய்க்கும் ஒட்டு ரகங்களுக்கு நைட்ரஜன் 2.2, பொட்டாசியம் 1.4 என்ற உயர்ந்த எல்லைகளைக் கொள்வர். இவ்வெல்லைக்குக் கீழிருந்தால் அச்சத்தை இடுவதால் பலன் உண்டாகக்கூடும் என்றும், மிக உயர்ந்திருந்தால் மேலும் இடுவது வீண் என்றும் கொள்ள வேண்டும். எல்லையை ஒட்டியிருந்தால் இப்போதைய அளவையே தொடர்ந்து இட்டுவரலாம்.

இவ்விடத்து ஒரு எச்சரிக்கை. உர மூட்டையில் பொட்டாஷ் என்று குறிப்பது பொட்டாசியம் ஆக்ஸைடின் கணக்கு. ஓலை அறிக்கையில் குறிப்பது பெரும்பாலும் தனிப் பொட்டாசியத்தின் கணக்கு. இரண்டையும் ஒன்றாக எண்ணி மயங்கலாகாது.

மற்றொரு விஷயம், ஒவ்வொரு எண்ணையும் தனியே பாராமல் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்ப்பதாகும். பொட்டாஷ் மிகுந்தால் மரம் மெக்னீஷியத்தை எடுப்பது குறையும். நைட்ரஜனை மட்டும் மிகுதியாக இட்டு ஓலையைத் தழைக்கச் செய்தால், முன்பிருந்த பொட்டாஷ் பெருகிய ஓலையில் பங்கிடப்பட்டு விகிதம் தாழும். மியூரியேட் ஆப் பொட்டாஷ் உரத்தில் குளோரினும் உண்டு. அச்சத்தும் தென்னைக்கு அவசியம் என்பது 1970-களில் பிலிப்பைன்ஸ் தீவுகளில் நடத்திய ஆராய்ச்சிகளால் நன்கு தெளிவாயிற்று. ஆதலின், அவ்வுரத்தை இட்டதால் உண்டான நன்மை முழுவதும் பொட்டாஷினால் மட்டுமே வந்ததென்று எப்போதும் சொல்ல இயலாது.

மூன்று எடுத்துக்காட்டுகள்

விளக்கத்தின் பொருட்டு, நெட்டை ரகத் தோப்புகள் மூன்றைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம்.

முதல் தோப்பில் நைட்ரஜன் 1.9, பொட்டாசியம் 0.55, மெக்னீஷியம் 0.35 என்று அறிக்கை வருகிறது. உடையவர் வருஷந்தோறும் யூரியா மட்டும் தவறாது இடுபவர், உரிமட்டையையும் விற்பவர். இங்கே குறை பொட்டாஷ் என்பது வெளிப்படை. யூரியாவைக் கூட்டினால் பயன் இராது. பொட்டாஷ் உரத்தைச் சிபாரிசு அளவுக்கு முறையாக இடுவதும், உரிமட்டையில் ஒரு பங்கையேனும் மரத்தடியில் புதைப்பதும் வழி.

இரண்டாம் தோப்பில் நைட்ரஜன் 2.0, பொட்டாசியம் 1.3, மெக்னீஷியம் 0.13. முதிர்ந்த மட்டைகள் வெயில் படும் பக்கம் மஞ்சளாக இருக்கின்றன. உடையவர் மஞ்சளைக் கண்டு பொட்டாஷை மேலும் மேலும் கூட்டியிருக்கிறார். இங்கே பொட்டாஷைச் சில காலம் குறைத்து, மரத்துக்கு வருஷத்துக்கு 500 கிராம் மெக்னீஷியம் சல்பேட் இடவேண்டும். நிறத்தை மட்டும் நம்பியவர் பணத்தையும் செலவிட்டு நோயையும் வளர்த்தார்.

மூன்றாம் தோப்பில் எல்லா எண்களும் எல்லைக்கு மேலேயே இருக்கின்றன. காய்ப்போ மரத்துக்கு 40-ஐத் தாண்டவில்லை. இவ்வறிக்கை பயனற்றது என்று எண்ணலாகாது. மூன்றனுள் மிகவும் பயனுடையது இதுவே. குறை உரத்தில் இல்லை என்று அது சொல்கிறது. கோடையில் நீர் போதுமா, மழைக்காலத்தில் நீர் வடிகிறதா, மரங்கள் நெருக்கமாக நிற்கின்றனவா, காண்டாமிருக வண்டு குருத்தைக் குடைகிறதா, மரங்கள் முதிர்ந்துவிட்டனவா என்று அவர் ஆராய வேண்டும். உரத்துக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியை நீருக்குத் திருப்புவது அவருக்கு இலாபம்.

ஓலை சொல்லாதவை

ஓலைப் பரிசோதனை எதைச் சொல்லும் என்பதைப்போல், எதைச் சொல்லாது என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும். தஞ்சாவூர் வாடல் நோய் என்னும் அடித்தண்டழுகல் தாக்கிய மரத்தின் ஓலையும் வெளிறும். அடிமரத்தில் செந்நிறச் சாறு வடிவதைக் கொண்டே அதை அடையாளம் காண வேண்டும். உரத்தால் அது தீராது. ஓலை சத்துக் குறைவைக் காட்டுமேயன்றி, எத்தனை கிலோ இடவேண்டும் என்பதைத் தானாகச் சொல்லாது. அளவைத் தீர்மானிக்க மண்ணின் தன்மையும், நீர் வசதியும், காய்ப்பின் கணக்கும் சேர்த்துப் பார்க்கப்பட வேண்டும். உரத்தை மாற்றியபின் அடுத்த வருஷம் மறுபடியும் ஓலையைப் பரிசோதித்து, எண் எத்திசையில் நகர்ந்தது என்று பார்ப்பதே உறுதியான வழி. ஒருமுறை எடுத்த அறிக்கை ஒரு சொல். மூன்று வருஷ அறிக்கைகள் ஒரு வாக்கியம்.

கிராம அதிகாரிகளுக்கு

ஓரிரு ஏக்கர் தோப்புடையவர் தனியே பரிசோதனைக்கு அனுப்புவது சிரமம். ஒரே மண்ணும் ஒரே நீர்ப்பாசனமும் உடைய அடுத்தடுத்த சிறு தோப்புகளைக் கூட்டி ஒரு பகுதியாக்கலாம்; வயதும் ரகமும் உரமிடும் முறையும் ஒத்திருந்தால் மட்டுமே இவ்வாறு செய்ய வேண்டும். கிராமத்திலுள்ள அதிகாரிகள் ஒரே நாளைக் குறித்து, மரமேறும் தொழிலாளிகளை ஏற்பாடு செய்து, எல்லோருடைய மாதிரிகளையும் ஒரே வண்டியில் அனுப்பச் செய்தால் செலவும் குறையும். மாதிரி வாடாமலும் போய்ச் சேரும். அறிக்கைகளைச் சர்வே எண் வாரியாக ஒரு பதிவேட்டில் எழுதி வைப்பது மிகவும் நன்று. சில வருஷங்களில் அக்கிராமத்து மண்ணுக்கு எந்தச் சத்து பொதுவாகக் குறைகிறது என்பது அப்பதிவேட்டிலிருந்தே தெளிவாகும். அதன்பின் கூட்டுறவுச் சங்கத்தார் எந்த உரத்தை எவ்வளவு தருவிக்க வேண்டும் என்பதையும் முன்கூட்டியே அறிந்து ஏற்பாடு செய்யலாம்.

தோப்புடையவர்களும் ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். எண் இட்ட 25 மரங்களில் ஒவ்வொரு பறிப்பிலும் கிடைத்த காய்களை எண்ணி எழுதுவதற்கு அரைமணி நேரம் போதும். ஓலையின் எண்ணும் காயின் எண்ணும் ஒரே ஏட்டில் இருந்தால், உரத்துக்குச் செலவிட்ட பணம் திரும்பி வந்ததா இல்லையா என்பதற்கு வேறு யாரையும் கேட்க வேண்டியதில்லை.

தென்னை வைத்தவன் அதன் பலனைப் பல தலைமுறைக்கு விட்டுச் செல்கிறான். அவ்வளவு நீண்ட காலம் நிற்கும் மரத்துக்கு, அதன் நிலையை வருஷத்துக்கு ஒருமுறை விசாரித்தறிவது பெரிய காரியமன்று. வரும் டிசம்பர்-ஜனவரியில் உரம் இடுவதற்கு முன்னே, பகுதிக்கு 25 மரங்களுக்கு எண் இட்டு, பதினான்காம் மட்டையைக் கண்டு, ஓர் ஓலை மாதிரியேனும் அனுப்பிப் பார்க்குமாறு தோப்புடையவர்கள் யாவரையும் கேட்டுக்கொள்கிறோம்.